பிழையே விடாதவர் நிரல் கற்றபோது: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் 14 மாதங்கள்

## பின்னணி

இதில் வருபவர் எனக்கு அக்கா முறை. வயது 43. தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்து, 19 ஆண்டுகளாகச் சென்னையில் சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறார். பக்கக் கணக்கில் கூலி. கணினியில் தமிழ்த் தட்டச்சும் மின்னஞ்சலும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் 12 ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் அவருடன் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என் பங்கு. நடந்த தவறுகளில் பாதி என்னுடையவை. அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

மெய்ப்பு போக அவருக்கு இன்னொரு வேலை உண்டு. ஆய்வு நூல்களின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிப்பது. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் தரும் பட்டியல் அது. அவர் முறை பழைய முறை. சொல்லுக்கு ஒரு துண்டுச்சீட்டு, அதில் பக்க எண்கள், சீட்டுகளை அடுக்க நான்கு செருப்புப் பெட்டிகள். நடுத்தரமான ஒரு நூலுக்கு ஐந்து வாரம் ஆகும்.

கடைசியாகச் செய்த நூலில், சீட்டுகள் 1,140 வரை போன பிறகு, ஆசிரியர் இரண்டு கட்டுரைகளை இடம் மாற்றிவிட்டார். நடுவில் இருந்த எல்லாப் பக்க எண்களும் நகர்ந்துவிட்டன. எல்லாச் சீட்டையும் அழித்துத் திருத்தினார், கூடுதல் கூலி கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் என்னைக் கூப்பிட்டு, "இதை கம்ப்யூட்டர் செய்யாதா தம்பி?" என்று கேட்டார். செய்யும், நான் எழுதித் தருகிறேன் என்றேன். "நீ எழுதித் தந்தா அடுத்த தடவை மாத்த உன்னைத் தேடணும். நானே கத்துக்கறேன்" என்றார்.

## முதல் மூன்று மாதம்: சி மொழியும் 200 பக்க நோட்டும்

நான் அப்போது வேறு ஊரில் ஒரு வேலையில் மாட்டியிருந்தேன். அவர் காத்திருக்கவில்லை. தங்கை மகன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான், சி என்ற கணினி மொழிக்கான அவனுடைய பாடப்புத்தகத்தை வாங்கி ஜூன் மாதம் தொடங்கிவிட்டார். காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை, வீடு விழிப்பதற்கு முன்.

புத்தகத்தின் முதல் நிரலே (புரோகிராம்) லேப்டாப்பில் ஓடவில்லை. திரையைத் துடைக்கும் "கிளியர்ஸ்கிரீன்" வகைக் கட்டளைகள் அதில் நிறைய. அவை சி மொழியின் தரத்தில் இல்லாதவை, டர்போ சி என்ற பழைய கம்பைலரோடு (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) வந்தவை. டர்போ சி 1987-இல் வந்தது, விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து மென்பொருள். இன்றைய விண்டோஸில் நேராக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டுவார்கள். பையன் அதை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நீலத் திரை வந்தது, நிரல்கள் ஓடின.

அதன்பின் புத்தகத்தில் இருந்த எல்லா எடுத்துக்காட்டுகளையும் நோட்டில் எழுதி, பிறகு கணினியில் அடித்தார். ஆகஸ்ட் கடைசியில் நான் பார்த்தபோது 200 பக்க நோட்டு நிரம்பியிருந்தது. கையெழுத்து அச்சுப்போல. அடித்த நிரல் ஒவ்வொன்றும் முதல் முறையிலேயே ஓடியதாகச் சொன்னார். நம்பினேன். 19 ஆண்டாக மூலப்படியையும் மெய்ப்பையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த கண் அது, ஒரு அரைப்புள்ளியைக்கூட விடாது.

ஒரே ஒரு முறை புத்தகத்தை விட்டு விலகியிருக்கிறார். மூன்று மாதத்தில் பார்த்த பக்கம் 1,350, பக்கத்துக்கு 30 ரூபாய், மொத்தம் எவ்வளவு என்று தானாக ஒரு நிரல் எழுதினார். விடை 40,500 வர வேண்டும். திரையில் வந்தது மைனஸ் 25,036. டர்போ சியில் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான், 32,767-க்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு கீழிருந்து வரும். (40,500-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள்.) இதை அவருக்குச் சொல்ல அருகில் ஆள் இல்லை. "நான்தான் அவங்களுக்கு பாக்கி தரணும் போலன்னு நினைச்சேன்" என்று சிரித்தார். ஆனால் அன்று சிரித்திருக்க மாட்டார். தன் கணக்கில்தான் தவறு என்று முடிவுகட்டி, மறுபடி புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளுக்கே திரும்பிவிட்டார்.

## கவனித்தது

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதச் சொன்னேன். நான்கு நிமிடத்தில் எழுதினார். ஒன்றுக்குள் ஒன்றாக "இஃப்" நிபந்தனை வைத்த நிரல், பிழையில்லை. புத்தகத்தில் அந்த நிரலுக்கு மேலே இருந்த குறிப்பு வரியும் அப்படியே இருந்தது. அடுத்து, ஐந்து எண்களில் பெரியது என்றேன்.

இருபது நிமிடம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வரி எழுதி அடித்தார். பிறகு, "அது புத்தகத்துல இல்லையே" என்றார்.

சோம்பலோ மந்தமோ இல்லை. நான் பார்த்த தொடக்கநிலைக்காரர்களில் இவ்வளவு ஒழுங்காக உழைத்தவர் வேறு யாரும் இல்லை. சிக்கல் அவர் உழைத்த விதத்தில். சாதாரணமாகப் புத்தகம் பார்த்து நிரல் அடிக்கும் ஒருவர் பத்து வரிக்கு இரண்டு தப்பு விடுவார். அடைப்புக்குறியை மூட மறப்பார், மதிப்பைச் சேமிக்கும் மாறி ஒன்றின் பெயரை மாற்றி அடிப்பார். கம்பைலர் கத்தும். ஏன் கத்துகிறது என்று தேடும்போதுதான் அந்த வரி எதற்கு இருக்கிறது என்று புரியும். இவர் தப்பே விடவில்லை, அதனால் எதையும் தேடவில்லை. மூன்று மாதம் அவர் செய்தது மிக உயர்ந்த தரத்தில் ஒரு நகல் வேலை. பாடப்புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துவிட்டார், நிரல் கற்கவில்லை.

இதை அப்படியே சொன்னேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு தோன்றியது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார்.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, மொழியை மாற்றுவதா என்பது. சியிலேயே தொடர்ந்தால் மூன்று மாத உழைப்பு வீணாகாது, கணினி உள்ளே என்ன செய்கிறது என்பதும் பிடிபடும். ஆனால் அவருடைய தேவை தமிழ் உரை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்ற தரமே டர்போ சி வந்த காலத்தில் கிடையாது, அதன் முதல் பதிப்பு 1991-இல்தான் வந்தது. நவீன கம்பைலருக்கு மாறினாலும் சியில் உரை என்பது பைட்டுகளின் (கணினி நினைவின் சிறு அலகுகள்) வரிசை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் தொடங்கி மேலே போகும். கற்கும் முதல் ஆண்டிலேயே அந்தச் சுமை வேண்டாம் என்று நினைத்தேன். பைத்தான் என்ற மொழியின் 3-ஆம் பதிப்பில் உரை முழுக்க யூனிகோடு. பைத்தான் என்று முடிவானது.

இரண்டாவது, பழகும் முறை. புத்தகம் பார்த்து அடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று பென்சிலால் புத்தகத்தின் ஓரத்தில் எழுத வேண்டும். ஓடிய பிறகு நிரலில் எதையாவது ஒன்றைக் கெடுக்க வேண்டும். ஒரு முக்காற்புள்ளியை எடு, ஒரு பெயரை மாற்று, உள்தள்ளலைக் குறை. என்ன எரர் வருகிறது என்று தனி நோட்டில் குறிக்க வேண்டும். வேண்டுமென்றே பிழை விடுவது அவருக்கு முதலில் உடம்பெல்லாம் கூசியது. "சரியா இருக்கறதைக் கெடுக்கச் சொல்றியே" என்றார். ஆனால் பிழைகளை வகைபிரித்து எழுதுவது அவர் தொழில். இரண்டு வாரத்தில் அந்த நோட்டு நான் எதிர்பார்க்காத ஒன்றாக மாறியிருந்தது. இடப்பக்கம் எரர் செய்தி, வலப்பக்கம் காரணம், ஓரத்தில் மெய்ப்புக் குறியீடுகள்.

## பழைய புத்தகம்

புது மொழிக்குப் புத்தகம் தேடித் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் 120 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தேன், பைத்தான் 2-க்கான புத்தகம். பைத்தான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பழைய 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அவர் லேப்டாப்பில் இருந்தது 3.

வேறு புத்தகம் அனுப்பச் சொல்லிவிட்டேன், அது வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் பழையதை வைத்தே பழகினார். இதை நான் யோசித்துச் செய்த உத்தி என்று சொல்ல ஆசைதான், ஆனால் தற்செயல். அந்த ஒரு வாரத்தில் அவர் கற்றது முந்தைய மூன்று மாதத்தைவிட அதிகம்.

"பிரிண்ட்" கட்டளைக்குப் புத்தகத்தில் அடைப்புக்குறி இல்லை. கணினி அடைப்புக்குறி போடச் சொல்லி எரர் காட்டியது. இது எளிது, கணினியே வழி சொல்லிவிடுகிறது. அடுத்தது கத்தாத வகை. 7-ஐ 2-ஆல் வகுத்தால் புத்தகத்தில் 3, திரையில் 3.5. எரர் இல்லை, விடை மட்டும் வேறு. மூன்றாவது இன்னும் மோசம். பயனரிடம் இரண்டு எண் வாங்கிக் கூட்டும் நிரலில் 5, 3 என்று கொடுத்தார், 8-க்குப் பதிலாக 53 வந்தது. பழைய பைத்தானில் "இன்புட்" எண்ணை எண்ணாகவே தரும், புதியதில் எதைத் தட்டினாலும் எழுத்துச்சரமாகத் தருகிறது. இரண்டு சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சனிக்கிழமை நோட்டைத் திறந்து காட்டினார். மூலப்படி, மெய்ப்பு என்று இரண்டு பத்தி போட்டு, வேறுபட்ட பதினொரு இடங்களை எழுதியிருந்தார். 53-க்குப் பக்கத்தில், "ஒட்டிவிட்டது. எண் ஆக்கினால் கூடும்" என்று இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகம் தவறாக இருக்கலாம் என்று அவர் ஏற்றுக்கொண்ட முதல் வாரம் அது.

## நவம்பர்: பத்தாவது பக்கமும் புள்ளியும்

எண்களை வரிசையாகத் தரும் கட்டளை ரேஞ்ச். ரேஞ்ச்(1, 10) என்று எழுதினால் ஓரத்தில் "1 முதல் 10" என்று பென்சிலால் எழுதினார். வந்தது 1 முதல் 9. "பத்தாவது பக்கம் எங்க தம்பி போச்சு?"

கடைசி எண்ணைச் சேர்க்காமல் விடுவது ஏன் வசதி என்று டெய்க்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1982-இல் எழுதிய குறிப்பை வைத்துப் பத்து நிமிடம் விளக்கினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பக்கம் 12–18 என்றால் 18 உண்டு, அச்சுலகம் முழுக்க அப்படித்தான். என் விளக்கம் எதற்கும் உதவவில்லை. "கடைசிப் பக்கம் + 1" என்று ஒரு சீட்டில் எழுதி மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினார். இந்தச் சீட்டு பிறகு வரும்.

"தமிழ்" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டபோது ஓரத்தில் 3 என்று எழுதினார். த, மி, ழ். கணினி 5 என்றது. இந்த முறை கணினி தவறு என்று உறுதியாக நம்பினார். எழுத்து எழுத்தாகத் தனி வரியில் அச்சிடச் சொன்னேன். த, ம, ஒரு புள்ளிவட்டத்தில் தொங்கும் இகரக் கொக்கி, ழ, ஒரு புள்ளிவட்டத்தின் மேல் புள்ளி. ஐந்து வரி.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைவிடத் தெளிவாக அவரே சொன்னார். மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்கிறது தொல்காப்பியம். க் என்பது முதல், அகரம் ஏறினால் க. கணினியிலோ க முதல், புள்ளி வைத்தால் க். "தலைகீழா வச்சிருக்காங்க" என்றார். நான் 12 ஆண்டாகத் தமிழ் உரையைக் கையாளும் நிரல்களையும் எழுதியிருக்கிறேன், இதை ஒரு முறைகூட இப்படிப் பார்த்ததில்லை.

## ஆறு வார இடைவெளி

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஒன்றும் நடக்கவில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன் மெய்ப்புக்காரர்கள் தூங்குவதே கிடையாது. பிப்ரவரியில் உட்கார்ந்தபோது பாதி மறந்திருந்தது. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கப் போனார், தடுத்தேன். பிழை நோட்டை மட்டும் புரட்டச் சொன்னேன். நான்கு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்.

## அகரவரிசை

சொற்பட்டியலை வரிசைப்படுத்த பைத்தானில் ஒரே ஒரு சொல் போதும். மரம், மலர், மறம் என்று மூன்று சொல்லைக் கொடுத்து ஓட்டினேன். மரம், மறம், மலர் என்று வந்தது. "பாருங்க, வந்துருச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. றகரம் லகரத்துக்கு முன்னால் எந்த அகராதியில் வந்தது?

யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் வரிசை, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. மற்ற மொழிகளின் கட்டங்களோடு பொருந்த வேண்டும் என்பதால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, வ-வுக்கு முன்னால் ள, ழ என்று உட்கார்ந்துவிட்டன. அதனால் கனவு கப்பலுக்கு முன்னால் வரும், பழம் பவளத்துக்கு முன்னால் வரும். புள்ளி, வரிசையில் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், அகராதியில் அகத்துக்கு முன்னால் வர வேண்டிய அக்கா பின்னால் போய்விடும்.

இங்கே ஒரு முடிவெடுத்தேன், இன்றும் அதைப் பற்றி எனக்கு இரு மனது. தமிழ் எழுத்துகளைப் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு உண்டு. நிறுவிக் கொடுத்தால் அன்றைக்கே வேலை முடியும். நான் சொல்லவில்லை. அவருக்கு முழுக்கத் தெரிந்த ஒரு விதியை முதல் முறையாக நிரலாக்கும் வாய்ப்பு, அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மூன்று வாரம் ஆனது. முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் பகுதி. கொக்கியோ புள்ளியோ வந்தால் முந்தையதோடு சேர், இல்லையென்றால் புது எழுத்து. பிறகு 247 எழுத்துகளுக்கும் கிரந்தத்துக்கும் வரிசை எண் கொடுக்கும் பட்டியல். அந்தப் பட்டியலைக் கையால் அடித்தார், ஒரு பிழை இல்லை. மூன்றாவது வாரம் மரம், மலர், மறம் என்று திரையில் வந்தபோது எழுந்துபோய்க் காப்பி போட்டு வந்தார். அப்போதுதான் ஓப்பன்-தமிழைக் காட்டினேன்.

"இருக்குன்னு தெரிஞ்சே மூணு வாரம் அலைய விட்டியா?" கோபம் உண்மையானது. அவர் காலை நேரம் விலையில்லாததல்ல, அந்த நேரத்தில் மெய்ப்புப் பார்த்திருந்தால் கூலி வந்திருக்கும்.

## கண்ணுக்குத் தெரியாத பிழை

ஏப்ரலில் 288 பக்க நூல் ஒன்று வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தனி உரைக் கோப்பாகச் சேமித்து, சொற்பட்டியலைக் கொடுத்து, எந்தப் பக்கத்தில் எது என்று தேட வைத்தார். எந்தச் சொற்கள் சொல்லடைவுக்கு வேண்டும் என்பதை அவரே படித்துத் தேர்ந்தார். அதை நிரலிடம் விட முடியாது.

முதல் தொல்லை விகுதிகள். "மரம்" என்று தேடினால் மரத்தை, மரத்தில் எதுவும் சிக்காது. "மர" என்று தொடங்கும் சொல் என்றால் மரபும் வரும், மருந்தும் வரும், ஏனென்றால் கணினிக்கு "மரு" என்பது மர-வும் ஒரு உகரக் கொக்கியும். தலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே தேட வேண்டிய வடிவங்களைத் தானே எழுதி வைத்தார்: மரம், மரங்க, மரத்த, மரத்தி, மரத்து. இதைவிட நேர்த்தியான வழிகள் உண்டு. ஆனால் இதை அவரால் படிக்கவும் திருத்தவும் முடிந்தது.

அடுத்தது எங்கள் இருவரையும் ஒன்பது நாள் ஆட்டிவைத்தது. எல்லாத் தலைச்சொற்களையும் நூலிலேயே ஆசிரியர் தடித்த எழுத்தில் குறித்திருந்த சொற்களோடு சேர்த்து வரிசைப்படுத்தினால், "கொடி" இரண்டு முறை வந்தது. கொடி – 14, 92. கொடி – 130, 131, 207. "கோயில்" இரண்டு, "சொல்" இரண்டு. ஒரே சொல் இரண்டு தடவை வரக் கூடாது என்று நிரலில் எழுதியிருந்தும் வந்தது.

அவர் இரண்டு கொடியையும் பெரிய எழுத்தாக்கிப் பார்த்தார். அச்செடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தார். நான் இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கும் என்று தேடினேன், இல்லை. ஒன்பதாவது நாள் இரவு அவரிடமிருந்து செய்தி: "முதல் கொடி 4. ரெண்டாவது கொடி 5."

நவம்பர் மாதத்துப் பாடம் நினைவுக்கு வந்து நீளத்தை அச்சிட்டிருக்கிறார். யூனிகோடில் ஒகரக் கொக்கியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே, ஒரு நூலிழைகூட வேறுபாடு இல்லை. நூலின் சில கட்டுரைகள் பழைய எழுத்துருவில் அடித்துப் பிறகு மாற்றப்பட்டவை. மாற்றி மென்பொருள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருந்தது. தீர்வு ஒரு வரி. எல்லா உரையையும் முதலில் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை பைத்தானிலேயே இருக்கிறது. அதைக் காட்டியது நான், பிழையைக் கண்டது அவர்.

"பத்தொம்பது வருஷத்துல கண்ணுக்குத் தெரியாத அச்சுப்பிழையை இப்பதான் பாத்தேன்" என்றார்.

## விளைவு

அந்தச் சொல்லடைவுக்கு, நிரல் உருவாக்கிய நேரம் போக, ஒன்பது நாள் ஆனது. அதில் ஆறு நாள் கையால் சரிபார்த்தது. வழக்கம்போல ஆசிரியர் கடைசியில் ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார், 288 பக்கம் 296 ஆனது. மறுபடி ஓட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூலையில் நூல் அச்சாகி வந்தது. பக்கம் 296-இல் இருந்த மூன்று சொற்களுக்கு 296 என்ற எண்ணே இல்லை. 288 பக்கம் இருந்தபோது ரேஞ்சின் கடைசி எண்ணை 289 என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். பக்கம் கூடியதும் 289-ஐ அழித்து 296 என்று மாற்றினார். சுவரில் சீட்டு ஒட்டியே இருந்தது. எண் மாறியதால் புதுப் பக்கங்களில் முதல் ஏழும் சேர்ந்தன, கடைசி ஒன்று மட்டும் வெளியே நின்றது. சேர்க்கப்பட்ட பகுதி என்பதால் அதைக் கையால் சரிபார்க்கவும் இல்லை.

பதிப்பகத்துக்கு அவரே போன் செய்து சொன்னார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு அது போதவில்லை. இப்போது அவர் நிரலின் முதல் வரி "கடைசிப்_பக்கம்" என்ற ஒரு மாறி, கூட்ட வேண்டிய ஒன்று கீழே நிரலுக்குள் இருக்கிறது. மனிதருக்குத் தெரிந்த எண்ணை மனிதர் எழுத வேண்டும், கணினிக்கு வேண்டியதைக் கணினி கூட்டிக்கொள்ளட்டும் என்று அவராகவே கண்டுபிடித்த ஏற்பாடு. நான் முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டியது.

சி புத்தகம் கொடுத்த தங்கை மகன் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறிவிட்டான். அவனிடம் ஐந்து எண் கேள்வியை நான் கேட்கவில்லை.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

வெள்ளைத்தாள் சோதனையை மூன்று மாதம் கழித்து வைத்தேன். இரண்டாவது வாரத்திலேயே போனில் கேட்டிருக்கலாம், "புத்தகத்தில் மூன்று, நீங்கள் ஐந்துக்கு எழுதுங்கள்" என்று சொல்ல நேரில் உட்கார வேண்டியதில்லை. எத்தனை பக்கம் முடித்தார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். 200 பக்க நோட்டு வளர்ந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

புத்தகம் வாங்கும் முன் அது எந்தப் பதிப்பு மொழிக்கு என்று பார்க்கச் சொல்ல மறந்தேன். அச்சுத் தகவல் பக்கத்தைப் பார்க்கத் தெரியாதவர் அல்ல அவர். அங்கே என்ன தேட வேண்டும் என்று நான்தான் சொல்லவில்லை. பழைய புத்தகத்தால் நன்மை விளைந்தது உண்மை, ஆனால் அருகில் ஆள் இல்லாத ஒருவருக்கு அதே புத்தகம் முதல் வாரத்திலேயே கதவைச் சாத்தியிருக்கும்.

ஒரு பகுதியை ஒரு முறை எழுதிப் பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் கூப்பிடும் ஃபங்ஷன்களைத் தாமதமாகச் சொன்னேன். மார்ச்சில் அவர் நிரல் 340 வரி, அதில் ஒரே பகுதி ஐந்து இடத்தில் நகலாக இருந்தது. நகலெடுப்பது அவருக்குச் சுலபம், பிழையும் வராது, அதனால் அவருக்கு அது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. ஐந்து இடத்தில் நான்கை மட்டும் திருத்திய ஒரு நாள் வந்த பிறகுதான் கேட்டுக்கொண்டார்.

ஓப்பன்-தமிழ் விஷயத்தில், மறுபடியும் அவரையே எழுத வைப்பேன். ஆனால் அது இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவரிடம் விடுவேன்.

## இப்போதைய நிலை

இப்போது மூன்றாவது நூல் ஓடுகிறது. நிரலைப் பெரும்பாலும் அவரே திருத்துகிறார். எனக்கு மாதம் ஓரிரு செய்தி வரும், அதுவும் எரர் செய்தியோடும் அவர் ஊகித்த காரணத்தோடும். கிளாஸ் (தரவையும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் அமைப்பு) எழுதத் தெரியாது, தேவையும் படவில்லை.

செருப்புப் பெட்டிகளில் மூன்று பரணுக்குப் போய்விட்டன. நான்காவது மேசை மேலேயே இருக்கிறது. இந்த நூலில் பழனி ஊராகவும் வருகிறது, ஆளாகவும் வருகிறது. சிதம்பரமும் அப்படியே. எது எந்தப் பக்கத்தில் என்று நிரலால் பிரிக்க முடியவில்லை. அந்த இரண்டு பெயருக்கு மட்டும் இன்னும் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.